செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சா? தொட்டிச் செடிகளை மாவுப்பூச்சியிடமிருந்து மீட்கும் 22 நாள் வேலை

போன கோடையில் எங்கள் பால்கனியில் இருந்த அடுக்குச் செம்பருத்தியை இழந்தேன். அம்மா ஊரில் குச்சியாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய செடி. நான்கு வருடம் பூத்தது. பிப்ரவரியில் ஒரு கொழுந்தின் கணுவில் கடுகளவு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த பஞ்சு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஏப்ரலில் மொட்டுகள் விரியாமல் உதிர்ந்தன, கொழுந்துகள் சுருண்டன, இலைகள் கரிபூசியது போல் ஆயின. அதற்குப் பிறகு கடைக்காரர் கொடுத்த மருந்து, தெரிந்தவர்கள் சொன்ன கரைசல், கைப்பேசியில் வந்த குறிப்புகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தேன். 1,400 ரூபாய் செலவானது. செடி பிழைக்கவில்லை. அதற்குள் பூச்சி பக்கத்திலிருந்த குரோட்டன்ஸுக்கும் கறிவேப்பிலைக்கும் ஏறிவிட்டது.

அந்த இரண்டையும் காப்பாற்றினேன். செலவு அதில் பாதிகூட ஆகவில்லை. நான் செய்த பிழை மருந்தில் இல்லை, நாள்கணக்கில் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. முதல்முறையாக வீட்டில் செடி வளர்ப்பவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். சென்னை போன்ற வெக்கையான ஊரில், அடுக்குமாடி வீட்டில், பத்துப் பதினைந்து தொட்டிகள் வைத்திருப்பவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள்

மருந்து தேடிப் போகாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்திலும், காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும், மொட்டின் அடியிலும்தான் இருக்கும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பூதக்கண்ணாடி இந்த வேலைக்குப் பெரிய துணை.

வெள்ளைப் பஞ்சு போல் கொத்தாக ஒட்டியிருந்து, குச்சியால் கீறினால் உள்ளே வெளிர்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் மெத்தென்று நசுங்கினால் அது மாவுப்பூச்சி. நம் ஊர்ச் செம்பருத்திக்கு முதல் எதிரி. கொழுந்து நுனியில் பச்சையாகவோ கறுப்பாகவோ கும்பலாக மொய்த்திருந்தால் அசுவினி. செடியை அசைத்தவுடன் வெள்ளையாகச் சிறு பூச்சிகள் எழும்பிப் பறந்து மறுபடி இலையடியில் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. தண்டில் பழுப்பு நிறத்தில் மரு போல ஒட்டிக்கொண்டு, நகத்தால் பெயர்த்தால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியது போல் மஞ்சள் புள்ளிகளாக வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. அது பூச்சி இனமே இல்லை, சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிர். பூச்சிகளுக்கான பல மருந்துகள் அதைத் தொடுவதில்லை. எனவே பெயர் தெரியாமல் மருந்து வாங்கினால் பணம் போவதோடு நாளும் போகும்.

தொட்டி மண்ணிலிருந்து சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் எழும்பினால் பயப்பட வேண்டாம். தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள் என்பதற்கு அது அடையாளம். மேல்மண்ணை நன்றாகக் காயவிட்டு, அருகில் ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டையை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி வருவது முக்கியமாக மாவுப்பூச்சியைப் பற்றி. இதே முறை அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் செதில் பூச்சிக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

2. அன்றைக்கே செடியைப் பிரித்து வையுங்கள்

நாளைக்கு என்று தள்ள வேண்டாம். மாவுப்பூச்சியின் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியவை. இரண்டு தொட்டிகளின் இலைகள் உரசினாலே அடுத்த செடிக்கு நடந்து போய்விடும். காற்றிலும் போகும், எறும்பு தூக்கிக்கொண்டும் போகும், நம் கை வழியாகவும் போகும்.

பூச்சி கண்ட தொட்டியை மற்றவற்றிலிருந்து குறைந்தது நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். பால்கனியில் இடமில்லை என்றால் மொட்டை மாடிக்கோ குளியலறை ஜன்னல் பக்கத்திற்கோ கொண்டுபோங்கள். பக்கத்திலிருந்த செடிகள் எல்லாவற்றையும் ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பாருங்கள். நான் இதைச் செய்யாததால்தான் குரோட்டன்ஸுக்கு ஏறியது. தண்ணீர் ஊற்றுவதும் சருகு பறிப்பதும் நல்ல செடிகளில் முதலில், நோய்ப்பட்ட செடியில் கடைசியில். அதன்பின் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

3. வாங்க வேண்டியவையும் செலவும்

நான் இரண்டாம் முறை வாங்கியவற்றின் கணக்கு இது. விலை கடைக்குக் கடை மாறும், ஆனாலும் ஒரு தோராயம் கிடைக்கும். ஒரு லிட்டர் கைத்தெளிப்பான் 220 ரூபாய், கால் லிட்டர் வேப்பெண்ணெய் 180, காதி சோப்பு 40, மருந்துக்கடையில் 100 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட் 50, பஞ்சும் பழைய பல்துலக்கியும் சேர்த்து 30, பூதக்கண்ணாடி 120. ஆக 640 ரூபாய். இதில் தெளிப்பானும் கண்ணாடியும் பல வருடம் வரும்.

வேப்பெண்ணெய் வாங்கும்போது கவனம் தேவை. பூஜைச் சாமான் கடைகளில் விளக்கேற்றுவதற்கென்று விற்பவற்றில் பல, வேறு எண்ணெய்கள் கலந்தவை. செடிக்கு அவை உதவாது. செக்கில் ஆட்டிய எண்ணெயைக் கேளுங்கள். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மூடியைத் திறந்தவுடன் கசப்பும் பூண்டும் கலந்தது போன்ற நெடி அடித்தால் நல்ல எண்ணெய். உரக்கடைகளில் அசாடிராக்டின், அதாவது வேம்பில் பூச்சியை அடக்கும் பொருள், எவ்வளவு என்று குறிப்பிட்ட வேப்ப மருந்துகளும் உண்டு. 1500 பிபிஎம், 3000 பிபிஎம், 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று புட்டியில் போட்டிருக்கும். எண் கூடக்கூட லிட்டருக்குக் கலக்க வேண்டிய அளவு குறையும். ஆகவே பக்கத்து வீட்டார் சொன்ன அளவைக் கேட்காமல், உங்கள் கையிலுள்ள புட்டியின் சீட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

4. முதல் நாள்: கையால் சுத்தம்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நானும் தாண்டினேன். மாவுப்பூச்சியின் உடல்மேல் உள்ள வெள்ளைப் பொடி ஒரு மெழுகு. தெளிக்கும் தண்ணீர் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். முட்டைகள் இருப்பதும் அதே மெழுகுப் பஞ்சுப் பைக்குள்தான். ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். அந்தப் பைகளைக் கையால் எடுக்காமல் எத்தனை லிட்டர் தெளித்தாலும் மேலே நனையும், உள்ளே பொரியும்.

மாலை நேரத்தில் உட்காருங்கள். அடியில் பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். பூச்சி அடர்ந்து சுருண்டுபோன கொழுந்துகளையும் மொட்டுகளையும் தயங்காமல் வெட்டிவிடுங்கள். செம்பருத்தி கவாத்தைத் தாங்கும் செடி. மூன்றில் ஒரு பங்கு வெட்டினாலும் சில வாரங்களில் புதுத் துளிர் விடும். மொட்டு இருக்கிறதே என்ற இரக்கம் இங்கே செடிக்குக் கேடு. வெட்டியவற்றை அங்கேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். உரத்தொட்டியில் போடக் கூடாது, மாடியிலிருந்து கீழே எறியவும் கூடாது. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியில் வைக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் தண்டுகளில், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒவ்வொரு வெள்ளைக் கொத்தையும் தொட்டு, அழுத்தி, துடைத்து எடுங்கள். ஸ்பிரிட் பட்டவுடன் வெள்ளை மெழுகு கரைந்து, உள்ளே இருக்கும் பூச்சியின் உண்மை நிறம் தெரியும். பஞ்சில் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கறை படியும். கணு இடுக்குகளில் பஞ்சு நுழையாது. அங்கே பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தோய்த்து மெதுவாகத் தேயுங்கள். இலைகளை நனைய நனையத் துடைக்க வேண்டாம், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் போதும். மெல்லிய இலையுள்ள செடிகளிலும் பெரணிகளிலும் ஸ்பிரிட் இலையைக் கருக்கிவிடலாம். அவற்றில் சோப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சே நல்லது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கோ அடுப்போ எரியும் இடத்தருகே இந்த வேலை வேண்டாம்.

ஒரு நடுத்தரச் செடிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கறிவேப்பிலைக்கு அதைவிடக் கூடுதல். இந்த முக்கால் மணி நேரம்தான் பின்னால் வரும் மூன்று வாரத்திற்கு அடித்தளம்.

கடைசியாகச் செடியைச் சாய்த்துப் பிடித்து, இலையடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அசுவினிக்கும் சிவப்புச் சிலந்திக்கும் இந்தத் தண்ணீர்வீச்சு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் கொடியில் துணி காயும்.

5. எறும்பை நிறுத்தாமல் பூச்சி நிற்காது

ஒரு நாள் காலையில் பூதக்கண்ணாடியோடு கறிவேப்பிலைத் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு எறும்பு ஒன்று மாவுப்பூச்சியின் பின்பக்கம் வந்து நின்று தன் உணர்கொம்புகளால் அதைத் தட்டியது. பூச்சியிலிருந்து கண்ணாடி மணி போல் ஒரு சொட்டு வெளியே வந்தது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்த பூச்சிக்குப் போனது. பசு மடியில் கன்று முட்டிப் பால் குடிப்பதைப் பார்த்தது போலிருந்தது.

அந்தச் சொட்டு, பூச்சி உறிஞ்சும் சாற்றின் இனிப்பான கழிவு. இலைமேல் பிசுபிசுப்பாகப் படிவதும் அதுதான். அதன்மேல் வளரும் பூசணம்தான் இலையைக் கறுப்பாக்குகிறது. இந்த இனிப்புக்காக எறும்புகள் மாவுப்பூச்சியைப் பாதுகாக்கின்றன, அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுகின்றன, இளங்குஞ்சுகளைப் புதுத் துளிருக்குத் தூக்கிச் சென்று விடுகின்றன. ஆகையால் செடியில் எறும்பு ஏறி இறங்கினால் அதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவது எளிது. பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைக்கும் அதே வழக்கம். அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் துண்டு வைத்து, அதன்மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, இலை எதுவும் சுவரையோ கம்பியையோ தொடக் கூடாது. தொட்டால் எறும்புக்கு அது பாலம். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

6. வேப்பெண்ணெய்க் கரைசலைச் சரியாகக் கலக்குங்கள்

எண்ணெயை நேரடியாகத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் அது மேலே மிதக்கும். தெளிக்கத் தொடங்கும்போது வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வரும். அந்தக் கடைசி எண்ணெய் பட்ட இலைகள் கருகும். என் செம்பருத்தியின் மேல் இலைகள் அப்படித்தான் போயின.

சரியான வரிசை இது. கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் துருவிய காதி சோப்பு அரைத் தேக்கரண்டி போட்டு முழுக்கக் கரையுங்கள். அதில் 5 மில்லி வேப்பெண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். எண்ணெய் வளையங்கள் மறைந்து, மோர் போல வெளுத்த கரைசலாக வந்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி ஒரு லிட்டராக்குங்கள். ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தாலும் மேலே எண்ணெய்ப் படலம் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சோப்பு சேர்த்துக் கலக்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்து போகும், தெளிப்பான் வாயும் அடைத்துக்கொள்ளும். குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். அதில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சேர்க்கும் பொருட்கள் இலையின் இயற்கையான மெழுகையும் எடுத்துவிடும்.

கலக்கிய கரைசலை அன்றைக்கே முடித்துவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் பலன் குறையும். முதல் தெளிப்புக்கு முந்தைய நாளே கொஞ்சம் கலக்கி, ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். இலை வாடவில்லை என்றால் முழுச் செடிக்கும் அடிக்கலாம். தெளிக்கும் நேரம் மாலை ஐந்து மணிக்குப் பிறகு. வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். காய்ந்து கிடக்கும் செடியிலும் தெளிக்காதீர்கள், காலையில் தண்ணீர் ஊற்றி, செடி தெம்பாக இருக்கும் நாளில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கம், கணு, தண்டு எல்லாம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். மேலே தூவிவிட்டு வருவதில் பயனில்லை. வேப்பெண்ணெய் தன்மேல் நேராகப் பட்ட இளம்பூச்சியை அடக்கும், வளர்ச்சியைத் தடுக்கும். தொட்டவுடன் எல்லாம் செத்து விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வேப்பங்கொட்டை கிடைப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். வயலில் உழவர்கள் பயன்படுத்தும் அதே அளவு. செலவும் குறைவு.

வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்று கண்ட இடத்தில் வைக்காதீர்கள். சிறு குழந்தைகள் வாயில் ஊற்றிக்கொண்டால் ஆபத்து. மருந்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அறைக்குள் மீன்தொட்டி இருந்தால் செடியை வெளியே எடுத்துப்போய்த் தெளியுங்கள்.

7. 1, 8, 15, 22: இந்த நான்கு நாட்களைத் தினசரிக் காலண்டரில் வட்டமிடுங்கள்

என் செம்பருத்தியை நான் இழந்தது இந்த இடத்தில்தான். ஒரு முறை தெளித்தேன், பூச்சி காணாமல் போனது, நிம்மதியாக விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் முன்பைவிட அதிகமாக இருந்தது. உடனே மருந்து சரியில்லை என்று வேறொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே ஆனது. மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

நடப்பது இதுதான். தெளிப்பு குஞ்சுகளைக் கொல்கிறது, பஞ்சுப் பைக்குள் தப்பிய முட்டைகளைத் தொடுவதில்லை. அவை வெப்பத்திற்கும் பூச்சியின் இனத்திற்கும் ஏற்பச் சில நாட்களிலிருந்து பத்து நாட்களுக்குள் பொரிகின்றன. புதிதாக வெளியே வரும் குஞ்சின்மேல் மெழுகு இன்னும் ஏறியிருக்காது. அந்தச் சில நாட்கள்தான் அது நம் கைக்கு எட்டும் காலம். அது வளர்ந்து மெழுகு போர்த்தி அடுத்த முட்டைப் பை வைப்பதற்குள் மறுபடி தெளித்துவிட வேண்டும். கோடையில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை, நான்கு முறை என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவது.

எனவே 1ஆம் நாள் கைச்சுத்தமும் மாலையில் முதல் தெளிப்பும். 8, 15, 22 ஆகிய நாட்களில் முதலில் கண்ணாடி வைத்துத் தேடி, கண்டதைத் துடைத்து, பிறகு தெளிப்பு. எட்டாம் நாள் செடி சுத்தமாகத் தெரிந்தாலும் தெளிக்க வேண்டும். இடையில் மழை வந்து இலையைக் கழுவிவிட்டால் மறுநாள் மாலையே மறுபடி தெளியுங்கள். 22ஆம் நாளுக்குப் பிறகும் வாரம் ஒருமுறை பாருங்கள். 45ஆம் நாள் வரை ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை என்றால்தான் செடியைப் பழைய இடத்திற்குக் கொண்டுவரலாம்.

ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால், போய் வந்த பிறகு தொடங்குங்கள். அதுவரை செடியைப் பிரித்து வைத்து, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டால் போதும். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த மூன்று வாரமும் யூரியா போன்ற தழைச்சத்து உரங்களைப் போடாதீர்கள். செடி மெலிந்திருக்கிறதே என்று உரம் போடத் தோன்றும். அதில் வரும் சாறு நிறைந்த இளந்துளிர்கள் பூச்சிக்கே விருந்தாகும்.

8. சரியாகவே செய்தும் திரும்ப வந்தால் வேரைப் பாருங்கள்

தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறது, தொட்டியின் அடித்துளையில் எறும்பு போய்வருகிறது என்றால் பூச்சி மண்ணுக்குள் இருக்கலாம். செடியை மண்ணோடு மெதுவாக உருவிப் பாருங்கள். வேர்களிலும், தொட்டியின் உட்சுவரிலும் சுண்ணாம்பு தூவியது போல் வெண்மை படிந்திருந்தால் வேர் மாவுப்பூச்சி.

பழைய மண்ணை முழுதும் உதறிவிட்டு, வேர்களைத் தண்ணீரில் அலசி, அழுகியவற்றை வெட்டிவிட்டு, புது மண்ணில் நடுங்கள். செம்மண், மக்கிய தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு, அதோடு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பழைய தொட்டியையே பயன்படுத்துவதானால் சோப்பு போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் உச்சி வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். இதை மாலையில் செய்து, செடியை ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும்.

9. கடை மருந்து வாங்குமுன் சீட்டைப் படியுங்கள்

வேப்பெண்ணெய் போதாது என்று தோன்றினால், வேதி மருந்துக்குப் போகும் முன் வெர்டிசிலியம் லெக்கானி என்ற, பூஞ்சையிலிருந்து செய்த உயிர் மருந்தைக் கேளுங்கள். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றின் உடலில் வளர்ந்து அவற்றைக் கொல்லும் பூஞ்சை அது. பொடியானால் பொதுவாக லிட்டருக்கு 5 கிராம். உயிருள்ள பொருள் என்பதால் காலாவதி தேதி பார்த்து வாங்க வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும், பூஞ்சையைக் கொல்லும் மருந்து எதனோடும் கலக்கக் கூடாது. ஈரப்பதம் உள்ள நாட்களில் நன்றாக வேலை செய்யும்.

வேதி மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால், உரிமம் பெற்ற கடையில், மூடி உடைக்காத அசல் புட்டியில், பில்லோடு வாங்குங்கள். சிறு தாளில் மடித்தோ பெயரில்லாத புட்டியில் ஊற்றியோ கொடுப்பதை வாங்காதீர்கள். எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. என்ன மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும், யாருக்கு ஆபத்து என்று எதுவும் தெரியாமல் மூன்று முறை வீட்டுக்குள் அடித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது. புட்டியில் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நஞ்சின் கடுமையைக் காட்ட ஒரு வண்ண முக்கோணமும் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலுக்குள் வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சீட்டையும் பில்லையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டாலோ மயங்கினாலோ மருத்துவர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.

டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து இந்தியாவில் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு என்று யாரேனும் நீட்டினால் மறுத்துவிடுங்கள். செடி முழுக்கச் சாற்றோடு ஊடுருவும் இமிடாகுளோபிரிட் போன்றவற்றைப் பூக்கும் செடியில் அடிக்க வேண்டாம். தேனீக்களுக்கு அது கொடிய நஞ்சு. கறிவேப்பிலை, துளசி, புதினா போன்ற நாம் வாயில் போடும் செடிகளில் வேதி மருந்து வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்தாலும் ஒரு வாரம் கழித்து, நன்றாக அலசிய பிறகே பறித்துச் சமையுங்கள்.

சந்தேகம் வந்தால் கேட்க இடம் உண்டு. உழவர்களுக்கான அரசு உதவி மையமான கிசான் கால் சென்டரின் கட்டணமில்லாத எண் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். அழைக்கும் முன் செடியின் பெயர், பூச்சியை முதலில் பார்த்த தேதி, இதுவரை அடித்த மருந்துகள் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திற்கு நேரில் போவதானால் பூச்சியுள்ள கிளையைக் காற்றுப்புகாத பையில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

10. நண்பனைக் கொன்றுவிடாதீர்கள்

சில நேரம் மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவில், அதைவிடப் பெரியதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, விறுவிறுவென்று நடக்கும் ஒரு புழுவைப் பார்ப்பீர்கள். பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்கத் தோன்றும். நசுக்காதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்றே வளர்வது. அடையாளம் அதன் வேகம்: மாவுப்பூச்சி கிட்டத்தட்ட அசையாது, இது நிற்காமல் தேடிக்கொண்டே நடக்கும். இதைப் பார்த்தால் அந்தக் கிளையில் மட்டும் ஒரு வாரம் தெளிப்பை நிறுத்திப் பாருங்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை அழித்தபோது மருந்து அடித்து அடித்து உழவர்கள் ஓய்ந்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குளவிதான் அதை அடக்கியது. கடும் மருந்து அடித்தால் நம் பால்கனிக்கு வரும் இத்தகைய உயிர்கள்தான் முதலில் சாகின்றன.

11. புதுச் செடி வீட்டுக்குள் நுழையும் முன்

என் வீட்டுக்கு மாவுப்பூச்சி வந்தது நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஒரு சிறு செடியோடு என்று இப்போது நினைக்கிறேன். வாங்கும்போது இலையின் பளபளப்பை மட்டும் பார்த்தேன். இப்போது பூதக்கண்ணாடியோடுதான் போகிறேன். இலையடி, கணு, தொட்டியின் அடித்துளை மூன்றையும் பார்க்காமல் வாங்குவதில்லை. பிசுபிசுப்போ எறும்போ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த செடி மூன்று வாரம் தனியே இருக்க வேண்டும். முதல் நாளும் எட்டாம் நாளும் வேப்பெண்ணெய்க் கரைசல் ஒருமுறை. தெரிந்தவர்கள் அன்போடு கொடுக்கும் பதியன்களுக்கும் குச்சிகளுக்கும் இதே விதி. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் பெருகும் காலம். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி எல்லாத் தொட்டிகளின் இலைகளையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்தபின் மாதம் இருமுறை போதும்.

அம்மாவிடம் கேட்டு மறுபடி ஒரு குச்சி வாங்கி வந்திருக்கிறேன். மூன்று வாரத் தனிமை வருகிற வியாழக்கிழமை முடிகிறது. நேற்று இரண்டாவது துளிர் விட்டது. அடியில் புரட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது.